பையூட் மக்களின் வறுமை எங்கிருந்து வந்தது?

"பையூட் மக்கள் புல்விதையும் முயலும் பூச்சியும் தின்று பாலைவனத்தில் அலைந்தவர்கள்தானே? வெள்ளையர் வந்த பிறகு ஏழையானார்கள் என்று எழுதுகிறார்களே, ஒன்றும் இல்லாதவர்களிடம் எதைப் பறிக்க முடியும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியில் ஏளனம் தெரியவில்லை, குழப்பம்தான் தெரிகிறது. ஆகவே விரிவாகவே எழுதுகிறேன். அமெரிக்க மேற்கின் பழங்குடிகளான பையூட் மக்களைப் பற்றி நீங்கள் அறிய விரும்புவது, அந்த வறுமை நிலத்தோடு பிறந்ததா, யாராவது கொண்டுவந்து இறக்கியதா என்பதைத்தான். இறக்கியதுதான் என்பது என் பதில். அதிலும் துப்பாக்கி செய்ததைவிட மாடும் கோடரியும் மதகும் செய்தது அதிகம்.

நான் வரலாறு படித்தவன் அல்ல, நீரியல் பொறியாளன். நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆற்று நீர்க்கணக்குப் பார்ப்பதே என் பிழைப்பு. எந்த ஆற்றில் எந்த ஆண்டு எவ்வளவு ஓடியது, எந்த மதகில் யாருக்கு எவ்வளவு உரிமை என்று பழைய பதிவேடுகளைப் புரட்டுகிறவன் கையில், தேடாமலே பையூட் மக்களின் கதை வந்து தட்டும். அவர்கள் மொழி எனக்குத் தெரியாது. தண்ணீரைப் பற்றி நான் சொல்வதைத் தொழில் தெரிந்தவன் சொல்வதாகவும், மற்றதைப் படித்தும் கேட்டும் அறிந்தவன் சொல்வதாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயரைப் பார்த்துவிடலாம். 'பையூட்' என்ற ஒரு சொல்லுக்குள் குறைந்தது மூன்று மக்களை அடைத்து வைத்திருக்கிறார்கள். கிழக்கு ஆரிகனிலும் மேற்கு நெவாடாவிலும் வாழ்ந்த வடக்குப் பையூட் தங்களை 'நூமு' என்கிறார்கள். தெற்கு யூட்டா, வடக்கு அரிசோனா, தெற்கு நெவாடா பக்கத்தவர்கள் 'நூவுவி'. மூன்றாவது கூட்டம் கிழக்குக் கலிஃபோர்னியாவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்கைச் சேர்ந்தது. மொழிகள் ஒரே குடும்பம்தான், ஆனால் வடக்கர் பேசுவது தெற்கருக்குப் புரியாது. அரசன் என்று ஒருவன் எங்கும் இருந்ததில்லை. வடக்கில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் அதன் உணவே பெயர்: பிரமிட் ஏரிக்காரர்கள் 'குவீவி மீன் தின்போர்', ஸ்டில்வாட்டர் சதுப்பு நிலத்தார் 'சம்பு தின்போர்'. இந்தப் பெயரிடும் முறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உணவுதான் முகவரி என்று வாழ்ந்தவர்களிடம் உணவு போனால் என்ன மிஞ்சும் என்பதே மேற்கொண்டு வரும் கதை.

அவர்களுடைய நிலத்தின் பெரும்பகுதியில் பெய்யும் மழை கடலைச் சேர்வதே இல்லை. ஆறுகள் மலையில் பிறந்து, ஏதாவது ஓர் ஏரியிலோ உப்பளத்திலோ முடிந்துபோகும். தெற்கில் கொலராடோ ஆற்றோடு சேரும் பகுதி மட்டும் விலக்கு. நடுவே நூற்றுக்கணக்கான மைலுக்குச் சாம்பல் நிறச் சேஜ் புதர். ரயிலில் போகிறவனுக்கு அது வெறும் பொட்டலாகத் தெரியும். ஆனால் அங்கே உயிர் வாழத் தேவையானது எல்லாம் சில இடங்களில் மட்டும் செறிந்து கிடந்தது: ஊற்றுகள், ஆற்றோரம், ஏரிக்கரை, மலைச்சரிவின் பினியன் பைன் காடு. பையூட் மக்கள் அலையவில்லை. நாள்காட்டி பார்த்து இடம் மாறினார்கள். வசந்தத்தில் மீன் ஏறும் ஆற்றுவாய், கோடையில் புல்விதையும் கிழங்கும், இலையுதிர்காலத்தில் மலை, குளிர் தொடங்கும்போது நீண்ட வலைகளை விரித்து ஊரே சேர்ந்து முயல் வேட்டை. முயல்தோலைப் பட்டையாகக் கிழித்து முறுக்கி நெய்த போர்வைதான் பனிக்காலத்துக்குத் துணை. மோனோ ஏரிக் கரையில் ஒதுங்கும் உப்புநீர் ஈயின் கூட்டுப்புழுவை அள்ளி உலர்த்தி வைத்ததும் உண்மைதான். நீங்கள் 'பூச்சி' என்று எழுதியது அதைத்தான் என்று நினைக்கிறேன். உடலுக்குக் கொழுப்பும் புரதமும் தந்து, மலை தாண்டியவர்களிடம் பண்டமாற்றுக்கும் போன பொருள் அது.

பினியன் கொட்டையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பினியன் காய் முற்ற இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். எனவே இந்த ஆண்டு மரத்தைப் பார்த்தே அடுத்த ஆண்டு எந்தச் சரிவில் விளைச்சல் என்று சொல்லிவிடலாம். செப்டம்பரில் பச்சைக் காய்களைத் துரட்டிக் கம்பால் இழுத்துப் பறித்து, நெருப்பில் வாட்டித் திறக்க வைத்து, கொட்டைகளை உதிர்ப்பார்கள். பிறகு பின்னல் முறத்தில் கொட்டையோடு தணலையும் சேர்த்துப் போட்டுப் புடைப்பார்கள். முறம் கருகக் கூடாது, கொட்டை வேக வேண்டும், தணல் ஓரிடத்தில் ஒரு நொடிகூட நிற்கக் கூடாது. ஓடு மொறுமொறுப்பானதும் அம்மியில் லேசாக உருட்டி உடைத்து, மறுபடி புடைத்து, பருப்பை இன்னொரு முறை தணலோடு வறுத்து, மாவாக அரைத்து, நீர் ஒழுகாத பின்னல் கூடையில் கரைத்து, சுட்ட கல்லைப் போட்டுக் கூழ் காய்ச்சுவார்கள். ஏரிக்கரை விழா ஒன்றில் ஒரு மூதாட்டி தணலோடு முறம் புடைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவர் என்னோடு பேசிக்கொண்டே இருந்தார், கை மட்டும் தனியாக வேலை செய்தது. நான் ஒரு முறை முயன்றதில் தணல் பாதி என் செருப்பில் விழுந்தது. குளிர்காலம் முழுவதற்கும் ஒரு குடும்பத்தை நிறுத்தும் சேமிப்பு அந்தக் கொட்டை. இப்படி வாழ்ந்தவர்களைத்தான் 'டிக்கர்', அதாவது மண்ணைத் தோண்டுகிறவர்கள் என்று குடியேறிகள் வசைப்பெயர் வைத்து அழைத்தார்கள். பழைய நூல்களில் அந்தச் சொல் நிறைய வரும். நீங்கள் கட்டுரை எழுதுவதானால் அதை எடுத்தாள வேண்டாம்.

அதற்காக அது பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. பஞ்ச ஆண்டுகள் இருந்தன, பினியன் காய்க்காத ஆண்டுகள் இருந்தன. குடியேறிகளுக்கு முன் அவர்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதில் அறிஞர்கள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. புதிய நோய்கள் குடியேறிகளுக்கு முன்பே வந்து எவ்வளவு பேரைக் கொன்றன என்பதிலும் அப்படியே. ஆகவே 'இத்தனை சதவீதம் அழிந்தார்கள்' என்று யாராவது துல்லியமாக எழுதியிருந்தால் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது, ஓர் இடத்தில் இல்லாதபோது இன்னோரிடம் போகும் வழி அவர்களுக்குத் திறந்திருந்தது என்பது. அந்த வழி அடைபட்டதைத்தான் வறுமை என்கிறேன்.

ஃப்ரீமாண்ட் என்ற ராணுவ அதிகாரி 1844 ஜனவரியில் பிரமிட் ஏரியைப் பார்த்து அதற்கு அந்தப் பெயரை வைத்தார். ஐந்தே ஆண்டில் கலிஃபோர்னியாத் தங்கத்தைத் தேடிப் போகும் வண்டிகள் ஹம்போல்ட் ஆற்றங்கரையை நிறைத்தன. போகிறவர்கள் போய்விட்டார்கள், ஆனால் அவர்களுடைய மாடுகளும் குதிரைகளும் வழியெல்லாம் புல்லை மேய்ந்து தீர்த்தன. அவர்களுக்கு அது புல், பையூட் பெண்களுக்கு அது அறுவடை. 1859இல் காம்ஸ்டாக் வெள்ளிச் சுரங்கம் கண்டுபிடிக்கப்பட்டதும் போகிறவர்கள் தங்குகிறவர்களாகிவிட்டார்கள். சுரங்க நகரங்களின் விறகுக்கும் கரிக்கும் பினியன் மரங்கள் சரிந்தன. ஊற்றுகளைச் சுற்றிப் பண்ணை வேலிகள் எழுந்தன. பெரும்பரப்பில் ஊற்றையும் ஆற்றோரத்தையும் மட்டும் பிடித்துக்கொண்டால் போதும், மீதி நிலத்தை யாருக்கு விட்டுக்கொடுத்தாலும் நஷ்டம் இல்லை. குடியேறிகள் நிலத்தில் கொஞ்சத்தைத்தானே எடுத்தார்கள் என்று வாதிடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

அந்தக் காலத்தை உள்ளிருந்து எழுதியவர் சாரா வினமக்கா. 1844 வாக்கில் பிறந்த வடக்குப் பையூட் பெண். 1883இல் ஆங்கிலத்தில் தன் மக்களின் கதையை நூலாக வெளியிட்டார். வெள்ளையர் வருகிறார்கள் என்ற பயத்தில் தாய் தன்னையும் இன்னொரு சிறுமியையும் கழுத்துவரை மண்ணில் புதைத்து, முகத்தின்மேல் புதர்க்கிளையை நட்டு மறைத்துவிட்டு ஓடியதையும், இருட்டும்வரை அப்படியே கிடந்ததையும் அதில் சொல்கிறார். ஆதரவு திரட்டும் நோக்கத்தோடு எழுதப்பட்ட நூல் அது. அதில் ஒவ்வொரு தேதியையும் எண்ணிக்கையையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு குழந்தை நினைவில் வைத்திருக்கும் மண்ணின் பாரத்தைச் சந்தேகிக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

போர்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் அவற்றைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். 1860 மே மாதம், கார்சன் ஆற்றங்கரையில் வில்லியம்ஸ் என்பவரின் சாவடியில் பையூட் சிறுமிகள் இருவரை அடைத்து வைத்திருந்ததாகத் தெரிந்து, அங்கிருந்தவர்களைக் கொன்று சாவடியைக் கொளுத்தினார்கள். சிறுமிகளைப் பற்றிய விவரம் பிற்காலச் சாட்சியங்களில் வேறுபடுகிறது, சாவடி எரிந்ததில் ஐயமில்லை. பழிவாங்கப் புறப்பட்ட மேஜர் ஓர்ம்ஸ்பியின் நூற்றுச் சொச்சம் ஆட்களில் எழுபதுக்கும் மேற்பட்டோர் மே 12 அன்று பிரமிட் ஏரிக்குத் தெற்கே மாண்டார்கள். போரே வேண்டாம் என்று பட்டினி கிடந்து வாதாடிய நூமாகாதான் அன்று பையூட் படையை நடத்த வேண்டியதாயிற்று. ஜூனில் பெரும்படை வந்தது, பையூட் மக்கள் வடக்கே சிதறினார்கள். வென்ற சண்டையும் தோற்ற சண்டையும் சில வாரங்களில் முடிந்தன. மாடு மேய்வது மட்டும் நிற்கவே இல்லை.

ஓவன்ஸ் பள்ளத்தாக்கைப் பற்றிப் படிக்கும்போதுதான் தொழில்முறையில் எனக்கு வயிறு எரியும். இன்றைய பிஷப் நகரம் இருக்குமிடத்தில், ஓடையைக் கல்லும் புதரும் சேறும் கொண்டு தடுத்து, மைல்கணக்கில் வாய்க்கால் வெட்டி, தானாக விளையும் கோரைக்கிழங்கு வகைகளுக்கு நீர் பாய்ச்சினார்கள். உழவு இல்லை, விதைப்பு இல்லை, பாசனம் மட்டும். ஒவ்வொரு வசந்தத்திலும் ஊர்கூடித் தலைமை நீர்பாய்ச்சியைத் தேர்ந்தெடுப்பார்கள். வடக்கு வயலுக்கு ஓர் ஆண்டு, தெற்கு வயலுக்கு மறு ஆண்டு. இலையுதிர்காலத்தில் தடுப்பை உடைத்துவிட்டு, வற்றும் வாய்க்காலில் துள்ளும் மீனை அள்ளிக்கொள்வார்கள். வயலை மாற்றி மாற்றி விடுவது மண்ணையும் கிழங்கையும் தேற விடும் என்பது என் ஊகம், அவர்களும் அதற்காகத்தான் செய்தார்களா என்று யாரும் எழுதி வைக்கவில்லை. இந்த உத்தியை ஸ்பானியப் பகுதிகளிலிருந்து கற்றார்களா, தாமே கண்டார்களா என்பதில் மானிடவியலாளர் நடுவே சண்டை உண்டு. ஓடை தானே பரந்து பாய்ந்த இடத்தில் கிழங்கு செழித்ததைப் பார்த்தவர்களுக்கு அடுத்த படி தோன்றாமலா இருந்திருக்கும் என்பது என் பக்கம். 1859இல் அங்கே படையோடு போன கேப்டன் டேவிட்சன் இந்த வாய்க்கால்களைப் பார்த்துப் பாராட்டி எழுதினார்.

இரண்டே ஆண்டில், 1861இல், கால்நடைப் பண்ணையார்கள் வந்தார்கள். பாசனம் செய்த புல்வெளியில் மாடு இறங்கியது. அந்தக் குளிர்காலம் கொடுமையாக இருந்தது. பசித்தவர்கள் மாட்டைக் கொன்றார்கள், பண்ணையார்கள் ஆளைச் சுட்டார்கள். 1862இல் ராணுவ முகாம் வந்தது. ராணுவம் உணவுக் கிடங்குகளைத் தேடித் தேடிக் கொளுத்தியது. சரணடைந்த ஏறக்குறைய ஆயிரம் பேரை 1863 ஜூலை வெயிலில் சுமார் 200 மைல் தெற்கே ஃபோர்ட் தெஹோனுக்கு நடத்திச் சென்றார்கள். அங்கே அவர்களுக்கு நிலமும் இல்லை, போதிய சோறும் இல்லை. பலர் தப்பித்துத் திரும்பி வந்தபோது தங்கள் வாய்க்காலில் பண்ணையாரின் தண்ணீர் ஓடியது. அதே வாய்க்காலைத் தூர்வாரும் கூலிகளானார்கள். பிறகு அந்தப் பண்ணையார்களுக்கும் காலம் வந்தது. 1913இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் பள்ளத்தாக்கின் ஆற்றையே கால்வாயில் தெற்கே கொண்டுபோயிற்று, 1920களில் ஓவன்ஸ் ஏரி வறண்டது, பண்ணைகளை நகரம் வாங்கி மூடியதும் கூலி வேலையும் போயிற்று. 1937இல் நிலமாற்று ஏற்பாட்டில் பையூட் மக்களின் 2,900 ஏக்கருக்கு மேல் பெற்றுக்கொண்டு 1,400 ஏக்கருக்குச் சற்றுக் குறைவாக நகரம் கொடுத்தது. நிலம் கைமாறியது, தண்ணீர் உரிமை மாறவில்லை. அந்த வழக்காடல் இன்றும் முடியவில்லை.

ஆரிகன் பக்கத்துக் கதையில் நடைதான் பெரிது. மால்யூர் என்ற ஒதுக்குநிலம், அதாவது பழங்குடிகள் வாழ அரசு ஒதுக்கிய பகுதி, 1872இல் அமைந்தது. சாமுவேல் பாரிஷ் என்ற அதிகாரி அங்கே இருந்தவரை மக்கள் வாய்க்கால் வெட்டினார்கள், பயிர் வைத்தார்கள், விளைந்ததை அவர்களே எடுத்துக்கொண்டார்கள். 1876இல் அவரை மாற்றி ரைன்ஹார்ட் வந்தார். நிலம் அரசாங்கத்தினுடையது, வேலை செய்தால்தான் உணவு என்றார். 1878இல் அண்டைப் பழங்குடியான பானக் மக்களின் போர் வெடித்தபோது சிலர் சேர்ந்தார்கள், பலர் சேரவில்லை. ஆனால் 1879 ஜனவரியில் சேராதவர்களையும் சேர்த்து 500க்கும் மேற்பட்டோரைப் பனியில் 350 மைல் வடக்கே யாக்கமா ஒதுக்குநிலத்துக்கு நடத்தினார்கள். வழியில் குழந்தைகளும் முதியவர்களும் செத்தார்கள். சாரா வினமக்கா 1880இல் வாஷிங்டன் சென்று உள்துறைச் செயலர் கார்ல் ஷர்ட்ஸிடமிருந்து, திரும்பிப் போகலாம் என்று கடிதம் வாங்கி வந்தார். அரசுக்குச் செலவு வைக்காமல் போக வேண்டும் என்று அதே கடிதத்தில் இருந்தது. பசித்தவர்கள் சொந்தச் செலவில் 350 மைல் போக வேண்டுமாம். யாக்கமா அதிகாரி அதற்கும் விடவில்லை. இதற்குள் மால்யூர் நிலம் பொதுக் குடியேற்றத்துக்குத் திறக்கப்பட்டுவிட்டது. தாமாகத் திரும்பி வந்தவர்கள் பர்ன்ஸ் ஊரின் ஓரத்தில் தங்கினார்கள். அவர்களுக்கென்று முறையான ஒதுக்குநிலம் அமைந்தது 1972இல்.

தெற்குப் பையூட் மக்கள் வெறும் சேகரிப்பவர்கள் என்பதும் தவறு. 1776இல் அவ்வழி வந்த ஸ்பானியத் துறவிகளே அவர்களின் சோள வயலையும் வாய்க்காலையும் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அவர்களை முதலில் உலுக்கியது அடிமை வியாபாரம். நியூ மெக்ஸிகோவுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் இடையே போன வணிகப் பாதையில், குதிரை வைத்திருந்த யூட் மக்களும் வணிகர்களும் பையூட் பெண்களையும் குழந்தைகளையும் பிடித்து விற்றார்கள். 1847இல் யூட்டாவுக்கு வந்த மார்மன் என்ற மதப்பிரிவுக் குடியேறிகள் இதை எதிர்த்தார்கள். எதிர்த்து அவர்கள் 1852இல் போட்ட சட்டம், அப்படி மீட்ட குழந்தையை 20 ஆண்டுவரை வீட்டுவேலைக்குப் பிணைத்து வைத்துக்கொள்ள வழி செய்தது. அடுத்து ஆற்றங்கரை வயல்கள் போயின. 1857 செப்டம்பரில் மவுன்டன் மெடோஸ் என்ற இடத்தில் சுமார் 120 வழிப்போக்கர்களை மார்மன் குடிப்படை கொன்றது. பழி நெடுங்காலம் பையூட் தலையில் கிடந்தது. அவர்களில் சிலர் அங்கே இருந்தார்களா, எத்தனை பேர் என்பது இன்றும் சர்ச்சை. திட்டமும் தலைமையும் குடிப்படையினுடையவை என்பதில் சர்ச்சை இல்லை. 2007இல் மார்மன் திருச்சபை பையூட் மக்களிடம் தனியாக வருத்தம் தெரிவித்தது.

தெற்கு நெவாடாவின் மோப்பா ஒதுக்குநிலத்தை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: 1874இல் ஏறக்குறைய 20 லட்சம் ஏக்கர், 1875இல் ஆயிரம் ஏக்கர். லாஸ் வேகாஸ் பையூட் மக்களுக்கு 1911இல் கிடைத்தது பத்து ஏக்கர், அதுவும் ஹெலன் ஸ்டூவர்ட் என்ற நில உரிமையாளர் 500 டாலருக்கு அரசிடம் எழுதிக் கொடுத்தது. இவை போதாதென்று 1954இல், யூட்டாவின் நான்கு பையூட் குழுக்களைக் கூட்டரசு இனி பழங்குடியாகக் கருதாது என்று சட்டம் வந்தது. சொந்தக் காலில் நிற்கத் தயாராகிவிட்டார்கள் என்பது சொன்ன காரணம். மருத்துவ உதவி நின்றது, நிலத்துக்கு வரி வந்தது, வரி கட்ட முடியாத நிலம் கைமாறியது. 1980 ஏப்ரலில் அங்கீகாரம் திரும்பக் கிடைத்தபோது இழந்தது ஏறக்குறைய 15,000 ஏக்கர், நான்கு ஆண்டு கழித்துத் திரும்பியது 5,000 ஏக்கருக்கும் குறைவு.

இனி நான் தினமும் கணக்குப் பார்க்கும் டிரக்கி ஆற்றுக்கு வருகிறேன். தாஹோ ஏரியில் புறப்பட்டு, ரீனோ வழியாக ஓடி, பிரமிட் ஏரியில் முடிகிற ஆறு. 'குவீவி மீன் தின்போர்' ஏரியை இழக்கவில்லை. 1859இலேயே அவர்களுக்கென ஒதுக்கி, 1874இல் அதிபர் கிரான்ட் ஆணையால் உறுதியான நிலத்துக்குள் ஏரி முழுதும் இருக்கிறது. ஆகவே இங்கே யாரையும் எங்கும் நடத்திச் செல்லவில்லை. ஏரிக்கு வரும் ஆற்றை நடத்திச் சென்றார்கள். ரீனோவுக்குக் கிழக்கே இருபது மைலில் 1905இல் டெர்பி அணை எழுந்தது. பாலைவனத்தைப் பண்ணையாக்கும் கூட்டரசுத் திட்டத்தின் முதல் வேலைகளில் அது ஒன்று. நேரில் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். தாழ்ந்த கான்கிரீட் சுவர், சில மதகுகள், நெடுஞ்சாலையில் போகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் நெடுங்காலம் ஆற்றின் ஏறக்குறைய பாதியை அது ஃபாலன் பக்கத்துப் பண்ணைகளுக்குத் திருப்பியது.

1967க்குள் ஏரி சுமார் 80 அடி இறங்கியது. பக்கத்து வினமக்கா ஏரி 1930களின் இறுதியில் அடியோடு வற்றிவிட்டது. அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஏரி இறங்கினால் ஆற்றுவாயில் மணல்திட்டு வெளியே தெரியும். முட்டையிட ஆற்றில் ஏற வேண்டிய மீன் அந்தத் திட்டில் முட்டி நிற்கும். 1925இல் ஒரு பையூட் மீனவர் பிடித்த டிரௌட் மீன் 41 பவுண்டு, அந்த இனத்தில் இன்றுவரை உலகச் சாதனை. அதிலிருந்து இருபது ஆண்டுக்குள் ஏரியில் அந்த டிரௌட் ஒன்றுகூட இல்லை. மீனைப் பிடித்து ரயிலேற்றி விற்றுச் சொந்தக் காலில் நின்ற ஊர், நிவாரணப் பொருளுக்குக் காத்திருக்கும் ஊராயிற்று. வாக்கர் ஆற்றின் கடைமடையில் இருந்த பையூட் மக்களுக்கும் இதே கதைதான், அவர்களுடைய ஏரி 150 அடிக்கு மேல் இறங்கியது.

சட்டம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். டிரக்கி ஆற்று உரிமைகளைப் பங்கிட்ட 1944 தீர்ப்பில் பையூட் மக்களுக்கு 1859 என்ற மிகப் பழைய முன்னுரிமைத் தேதி கிடைத்தது (தேதி பழையதானால் தண்ணீர் முதலில்). ஆனால் வயலுக்கு மட்டும். மீனுக்கென்று ஒரு சொட்டும் எழுதவில்லை. அந்த வழக்கில் பையூட் மக்களுக்காக ஆஜரான அதே அரசாங்கம்தான் பாசனத் திட்டத்துக்காகவும் ஆஜரானது. இது நியாயமா என்று மறுபடி வழக்காடியபோது, முடிந்தது முடிந்ததுதான் என்று உச்ச நீதிமன்றம் 1983இல் சொன்னது. கடைசியில் கைகொடுத்தது மீன்தான். குவீவி அருகிவரும் இனம் என்று 1967இல் பட்டியலில் ஏறியிருந்தது. அதைக் காக்க மேலே ஒரு நீர்த்தேக்கத்தையே ஒதுக்க வேண்டும் என்று 1980களில் நீதிமன்றங்கள் ஏற்றன. 1990இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு தீர்வுச் சட்டமும் போட்டது. மனிதனுக்கு இல்லாத உரிமை மீனுக்கு இருந்தது என்று என் அலுவலக நண்பர் ஒருவர் சொல்வார், நான் மறுத்துப் பேசியதில்லை.

வறுமை எப்படி இருந்தது என்றும் கேட்டிருந்தீர்கள். அது பெரும்பாலும் சும்மா இருப்பவனின் வறுமை அல்ல. ஆண்கள் பண்ணையில் வைக்கோல் அறுத்தார்கள், மாடு மேய்த்தார்கள். பெண்கள் நகர வீடுகளில் துணி துவைத்தார்கள். 1889 புத்தாண்டு நாளில் சூரிய கிரகணத்தின்போது தரிசனம் கண்டு, ஆடுங்கள், சண்டையிடாதீர்கள், மாண்டவர்கள் திரும்புவார்கள் என்று போதித்த வொவோக்காவும் அப்படிப்பட்ட பண்ணைத் தொழிலாளிதான். முதலாளியின் குடும்பப் பெயரோடு 'ஜாக் வில்சன்' என்றுதான் அவரை அழைத்தார்கள். அவருடைய ஆட்டம் சமவெளியின் லகோட்டா மக்கள்வரை பரவியது, அதைக் கண்டு அஞ்சிய ராணுவம் 1890 டிசம்பரில் வூண்டட் நீ என்ற இடத்தில் அவர்களைக் கொன்று குவித்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ரீனோவில் வேலை செய்த பையூட், வாஷோ மக்கள் குடியிருக்க அரசு 1917இல் வாங்கிய இடம் இருபது ஏக்கர், விலை 6,000 டாலர். உழைப்பு வேண்டும், உழைப்பவர் இருட்டிய பின் ஊருக்குள் வேண்டாம் என்ற வழக்கம் நெவாடாவின் பல ஊர்களில் இருந்தது.

'இப்போது அவர்கள் எங்கே?' என்ற உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில்: பெரும்பாலும் அங்கேயேதான். பிரமிட் ஏரிப் பழங்குடி அரசின் அலுவலகம் ஏரிக்குத் தெற்கே நிக்ஸன் என்ற ஊரில் இருக்கிறது. அழிந்துபோனதாக நினைத்த பழைய டிரௌட் வகையை 1970களில் நெவாடா, யூட்டா எல்லையோர மலை ஓடை ஒன்றில் கண்டுபிடித்தார்கள். யாரோ எப்போதோ கொண்டுபோய் விட்டது அங்கே பிழைத்திருந்தது. 2006இலிருந்து அதை மறுபடி ஏரியில் விட்டு வருகிறார்கள், இப்போது இருபது பவுண்டைத் தாண்டி வளர்கிறது. அக்டோபர் முதல் ஜூன்வரை மீன்பிடிப் பருவம். அனுமதிச் சீட்டைப் பழங்குடி அரசிடம்தான் வாங்க வேண்டும், மாநில உரிமம் அங்கே செல்லாது. ஜனவரிக் காலையில் போனால், ரீனோவிலிருந்து வந்தவர்கள் ஏரிக்குள் இடுப்பளவு நீரில் மடக்கு ஏணிகளை நட்டு, அதன்மேல் ஏறி நின்று தூண்டில் வீசுவதைப் பார்க்கலாம். நானும் ஆண்டுதோறும் சீட்டு வாங்குகிறேன். மீன் இதுவரை ஒன்றுதான் கிடைத்தது, அளவு போதாது என்று அதையும் திரும்ப விட்டுவிட்டேன்.